சகாயசெல்வி வந்தால் மட்டும்

நரிக்கரட்டுப்பட்டிக்குள் சகாயசெல்வியின் ஸ்கூட்டர் நுழைந்தபோதே ஏ.டி.எம். வாசலில் ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். கண்ணாடிக் கதவில் 'மெசின் ஓடாது' என்று எழுதிய அட்டை தொங்கியது. ஓடாத மெசினுக்கு முன்னால் இத்தனை பேர் எதற்கு நிற்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்று வரிசையில் ஒரு குரல் கேட்டது. பேருந்தோ பணவண்டியோ வருகிறதாக்கும் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் ரோடுதான் கிடந்தது. சொன்னது தன்னைப் பார்த்துத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மெசினில் பணம் நிரப்புகிறவர்கள் வேறு ஆட்கள். மெசினையே பிரித்து மாட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். மெசினுக்கும் வங்கிக்கும் நடுவில் பேச்சு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் சகாயசெல்வியின் வேலை. சொந்த ஊர் அகரம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் அக்கா ஜெஸ்ஸி வீட்டில் தங்கி, இந்த கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தாடிக்கொம்பு தொடங்கி ஒட்டன்சத்திரம் போகிற ரோடு வரைக்கும் இருக்கிற கிராமத்து மெசின்கள் எல்லாம் அவள் பொறுப்பு. மற்ற மெசின்கள் பழுதானால் பழுதாகும், சரிசெய்தால் ஓடும். ரெட்டியார்சத்திரத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் இந்த நரிக்கரட்டுப்பட்டி மெசின் மட்டும் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

அவள் இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பொன்னுத்துரை டீ கிளாஸை நீட்டினார். ஏ.டி.எம். இருக்கும் கட்டடம் அவருடையது, ஒட்டினாற்போல் இருக்கும் டீக்கடையும் அவருடையதுதான். மெசின் அறைச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும்.

"குடிங்கம்மா, செத்த நேரத்துல வந்துரும்."

"எது வரும்?"

"மெசினுதான்."

"இருங்கண்ணே, நான் இன்னும் உள்ளயே போகல."

அவள் பாதி டீ குடிப்பதற்குள் உள்ளே மெசின் முனகியது, திரையில் வெளிச்சம் வந்தது. பொன்னுத்துரை போய் அட்டையைக் கழற்றினார். முதல் ஆளாக அழகம்மாள் உள்ளே போனாள். கனகாம்பரத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவள், அன்றைக்கு நூறுநாள் வேலைக் கூலியை எடுக்க வந்திருந்தாள். வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"ஒன்னையும் தொடக்கூட இல்லையே தாயி! நீ வந்து நின்னாலே போதுங்குதே!"

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். சகாயசெல்விக்கு அது சுருக்கென்று தைத்தது.

அந்த ஊர் ஒரு பாறைக் கரட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கரட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு செல்போன் டவர் இருந்தது. இடத்துக்காரருக்கும் டவர்காரர்களுக்கும் வம்பாகி, தை மாசம் அதைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து ஊர்க்காரர்கள் போனில் பேச வேண்டுமானால் கரட்டின் மேல் ஏற வேண்டும். போனிலேயே பணம் அனுப்புகிற பேச்செல்லாம் அங்கே நடக்காது. கைக்குக் காசு வேண்டும், அதற்கு இந்த மெசின் வேண்டும். மெசினுக்குள் இருக்கும் ரூட்டர் பெட்டியில் இரண்டு கம்பெனி சிம்கள் இருந்தன. இரண்டுமே அந்த டவரை நம்பியவை. ஆகவே டவர் போனதுதான் கோளாறு என்று சகாயசெல்வி முதலிலேயே எழுதி அனுப்பினாள். சென்னையிலிருந்து பதில் வந்தது: 'நீங்கள் அங்கே இருக்கும்போதெல்லாம் இணைப்பு நன்றாக இருக்கிறது. ஆகவே சிக்னல் பிரச்சினை இல்லை.'

உண்மையில் அவள் இருக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. சிக்னல் இல்லையென்றால் அவள் வரும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

அன்றைக்கும் எல்லாவற்றையும் சோதித்தாள். கையிலிருந்த ஆபீஸ் டேப்பின் திரையில் எல்லாம் பச்சையாகக் காட்டியது. வரிசை தீர்ந்ததும் கிளம்பினாள். ரெட்டியார்சத்திரம் வந்து சேர்வதற்குள் போன் அடித்தது. பொன்னுத்துரை மூச்சு வாங்கினார். கரட்டின் மேல் ஏறியிருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது.

"அம்மா, போயிருச்சு."

அவள் ரூட்டரை மாற்றிப் பார்த்தாள். சென்னையில் இருப்பவர்கள் பழைய பெட்டியில் இருந்த அமைப்பை அப்படியே புதுப் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒயரை மாற்றினாள். ஆன்டெனாவை மாற்றினாள். கரண்ட் பிளக்கைக்கூட வேறு சுவருக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு தடவையும் அவள் கைவைக்கும் முன்னமே மெசின் ஓடத் தொடங்கியது. அவள் ஊர் எல்லையைத் தாண்டியதும் படுத்துக்கொண்டது. ஓடுகிற மெசினில் என்ன கோளாறைத் தேடுவது? சாப்பிடும்போதும் அதே நினைப்பு. ஒருநாள் ஜெஸ்ஸி தட்டைத் தள்ளிவிட்டு, "ஏண்டி, வெஞ்சனத்துக்கு எத்தன தடவடி உப்புப் போட்ட?" என்று கேட்டாள்.

ஊருக்கு இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. அவளுக்கு நல்ல ராசி, அவ்வளவுதான். அதை ஏற்றுக்கொண்டு அதற்குத் தகுந்த மாதிரி வேலைகளையும் ஒழுங்கு பண்ணிக்கொண்டார்கள்.

"சனிக்கிழமை எங்க கொழுந்தன் வீட்டுல காதுகுத்து" என்றாள் அழகம்மாள். "வெள்ளிக்கிழமை ஒரு எட்டு வந்துட்டுப் போ தாயி. ஒன்னும் பண்ண வேணாம். டீ குடிச்சிட்டுப் போ."

"அக்கா, நான் வாரதுனால ஓடல. அப்படியெல்லாம் எதுவும் கெடையாது."

"பின்ன எதுனால ஓடுது?"

சகாயசெல்வி ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஆபீஸில் மேலாளர் முத்துக்கிருஷ்ணன் சார் அவளைக் கூப்பிட்டது அந்த வெள்ளிக்கிழமைதான். கடுமையான ஆள் இல்லை. யாரையாவது கண்டிக்க வேண்டியிருந்தால் அவருக்கே முதலில் வியர்த்துவிடும். கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். திரை முழுக்கச் சிவப்பு. நடுநடுவே துண்டு துண்டாகப் பச்சை.

"பச்சை எல்லாம் நீ போன நேரம். நீ போறப்ப ஓடுது. நீ வந்தப்புறம் நிக்குது. ஒருதரம் ரெண்டுதரம்னா நானே சும்மா விட்ருவேன். மேல இருந்து கேக்குறாங்க. பெட்ரோல் படிக்காகப் போற ஆளே மெசின நிறுத்தி வைக்குதோன்னு ஒருத்தர் மெயில்லயே எழுதிட்டாரு."

"சார், நான் எதுவும் பண்ணல."

"எதுவும் பண்ணாம எப்படிம்மா ஓடுது?"

அழகம்மாள் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இந்த மேசைக்கு முன்னால் அதன் அர்த்தம் வேறாக இருந்தது.

"அடுத்த வாரத்துக்குள்ள ஒரு காரணம் கொடு. இல்லன்னா அந்தப் பக்கம் வேற ஆளப் போட்டுட்டு, உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. எனக்கே சங்கடமா இருக்கு" என்று அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்தவளுக்குச் சாவி போடத் தோன்றவில்லை. கோபம்கூட வரவில்லை. கோபப்பட வேண்டுமானால் தன்மேல் தப்பில்லை என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதுதான் இப்போது ஆட்டம் கண்டது. ஒருவேளை தனக்கே தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டு வருகிறேனா? கதவைச் சாத்தும்போது ஏதாவது ஒயர் இழுபடுகிறதா? வரும்போது எப்படிச் சேருகிறது? தன் கையையே ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை நேராக நரிக்கரட்டுப்பட்டிக்குப் போய், நடந்ததைப் பொன்னுத்துரையிடமும் அழகம்மாளிடமும் அப்படியே சொல்லிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் காதிலும் விழுந்தது. ஊருக்கே கோபம் வந்துவிட்டது.

"வந்து ஓடவைக்கிற பிள்ளையப் போயி திருடிங்குறானா?" என்றாள் அழகம்மாள். "எவன் அவன்? இங்க வரச்சொல்லு."

"அதெல்லாம் வேணாம்க்கா. எனக்குக் காரணம் தெரியணும். நீங்க எல்லாரும் ஒத்தாசை பண்ணணும். நான் சொல்றப்ப மெசினப் பாத்து, ஓடுதா ஓடலையான்னு மட்டும் சொல்லுங்க."

முதலில் ஸ்கூட்டர் மேல் சந்தேகம். அதைப் பொன்னுத்துரை மெயின்ரோடுவரை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மெசின் ஓடியது. அடுத்து சகாயசெல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்மாய்க்கரை வரைக்கும் நடந்தாள். கொஞ்ச நேரத்தில், "நின்னு போச்சு!" என்று குரல் வந்தது. திரும்பி டீக்கடைக்கு வந்தாள். ஓடியது. செருப்பைக் கண்மாய்க்கரையில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து பார்த்தாள். ஓடியது. ஆக, ஸ்கூட்டர் இல்லை, செருப்பு இல்லை. இன்னும் என்ன மிச்சம்? அவள்தான் மிச்சம்.

படித்த படிப்பெல்லாம் கையை விரித்துவிட்டது போல இருந்தது. மறுபடி கண்மாய்க்கரைக்குப் போய் வேப்பமரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த அழகம்மாளுக்குப் பாவமாகிவிட்டது.

"வெயில்ல அலையாத தாயி. பையக் குடு, கடையில வைக்கிறேன். செத்த நேரம் ஒக்காந்துட்டு வா."

பையை வாங்கிக்கொண்டு அவள் போனாள். சகாயசெல்வி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது டீக்கடைப் பக்கம் ஒரே கூச்சல்.

"ஓடுது! மெசினு ஓடுது!"

அவள் எழுந்து ஓடினாள். பாதி வழியிலேயே நின்றாள். தான் இங்கே இருக்கிறோம், மெசின் அங்கே ஓடுகிறது. அப்படியானால் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்றுகூட அந்த நிமிஷம் அவளுக்குப் பிடிபடவில்லை.

கடைக்குள் எல்லாரும் பெஞ்சின்மேல் இருந்த பையைச் சுற்றி நின்றார்கள். யாரும் அதைத் தொடவில்லை.

"பைதாம்மா" என்றார் பொன்னுத்துரை மெதுவாக. "நீங்க இல்ல. ஒங்க பைதான்."

அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு, ஸ்க்ரூடிரைவர் பொட்டலம், டேப், போன். கடைசியாகப் பையின் அடியிலிருந்து ஒரு ஜெபமாலை வந்தது. அதைப் பார்த்ததும் அழகம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இதான்! நான் அப்பவே நெனச்சேன்!"

"அக்கா, அதெல்லாம் இல்ல."

"இல்லன்னு நீ எப்படிச் சொல்லுவ? ஒனக்குத்தான் எதுவுமே தெரியலையே!"

அது உண்மைதான். மற்ற சாமான்களையெல்லாம் பையோடு கண்மாய்க்கரைக்கு அனுப்பினார்கள். மெசின் நிற்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு அழகம்மாள் ஜெபமாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மெசின் அறைக்குள் போய் நின்றாள். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. மெசின் அசையவே இல்லை.

"எல்லாரும் ஒரேயடியா மொறச்சுப் பாத்தா மாதாவுக்கு சங்கடமா இருக்காதா?" என்று சொல்லிக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.

டேப்பைத் தனியாக வரவழைத்தார்கள். ஓடவில்லை. டப்பா, பாட்டில், மழைக்கோட்டு எல்லாம் ஊர்வலம்போல வந்து போயின. கடைசியில் போன் மட்டும் வந்தது. கொண்டுவந்த ஆள் அதைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். டீ ஆறுவதற்குள் உள்ளே அந்த முனகல் கேட்டது. திரையில் வெளிச்சம்.

சகாயசெல்வி போனை எடுத்தாள். ஆபீஸில் கொடுத்த போன் அது. டேப்பில் சிம் கிடையாது என்பதால் அந்தப் போனிலிருந்துதான் அதற்கு இணையம் கொடுக்க வேண்டும். அதனால் போனில் ஹாட்ஸ்பாட்டை அவள் அணைப்பதே இல்லை. இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். டேப் கண்மாய்க்கரையில் கிடக்கிறது. ஆனாலும் போனோடு ஒன்று சேர்ந்திருந்தது. அதன் பெயரைப் படித்தாள். மெசினுக்குள் இருக்கும் ரூட்டர்.

இந்த ஊரில் தன் போனுக்கு மட்டும் ஏன் சிக்னல் எடுக்கிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. அதிலிருந்தது மூன்றாவது ஒரு கம்பெனியின் சிம். அந்த ஊரில் அதை வைத்திருப்பவர்கள் யாருமில்லை. ஒட்டன்சத்திரம் பக்கத்து டவரிலிருந்து அதற்கு ஏதோ கொஞ்சம் சிக்னல் கிடைத்தது. சரி, ரூட்டருக்கு இந்தப் போனை யார் காட்டிக்கொடுத்தது? அவள் காட்டவில்லை. காட்டவில்லையா? மறுபடியும் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

"இந்தப் போனு ஜெரோம் தம்பி வச்சிருந்தது மாதிரியே இருக்கே" என்றார் பொன்னுத்துரை.

ஜெரோம் அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன். இப்போது ஓசூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான். போனில் அவன் நம்பர் இன்னும் இருந்தது. கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் முதலில் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஐயையோ, அதை நான் அழிக்கவே இல்லையா? திறப்பு விழா அன்னிக்கி பேங்க் ஆளுங்க மாலையோட வந்து நிக்கிறாங்க, ரெண்டு சிம்மும் வேலை செய்யல. வேற வழியில்லாம என் போன்ல இருந்து ரூட்டருக்கு நெட்டு கொடுத்தேன். மறுநாள் சிம் சரியாயிருச்சு. அதோட மறந்துட்டேன். வேலைய விட்டப்ப போனை ஆபீஸ்ல கொடுத்துட்டேன். அதையா ஒனக்குக் கொடுத்தாங்க?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மெசின் அவளை அடையாளம் கண்டு ஓடவில்லை, ஜெரோமின் பழைய போனை அடையாளம் கண்டு ஓடியிருக்கிறது. பெட்டியை மாற்றியபோதும் பழைய அமைப்போடு அந்த நினைவும் சேர்ந்தே புதுப் பெட்டிக்கு வந்திருக்கிறது. டவர் போன நாளிலிருந்து அந்த மெசினுக்குச் சிக்னலே கிடையாது. அவள் போய்ப் போய் நின்றதால்தான் அது யாருக்கும் தெரியாமல் போனது.

முத்துக்கிருஷ்ணன் சாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது யார் போனும்மா?"

"ஆபீஸ் போன் சார். நீங்கதான் எடுத்துக் கொடுத்தீங்க."

அந்தப் பக்கம் ஃபேனைக் கூட்டிவைக்கிற சத்தம் கேட்டது.

"அதை முதல்ல அழிச்சிரு. வெளிப் போன் வழியா பேங்க் மெசின் பேசக்கூடாது. தெரிஞ்சா என் தலையும் உருளும். அந்த மூணாவது கம்பெனி சிம்முக்கு நான் இன்னிக்கே எழுதுறேன், மேல சொல்லிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, "சாப்டியாம்மா?" என்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் கேட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வரிசை முழுக்கப் பணம் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் உள்ளே போய் ரூட்டரிலிருந்து அந்தப் போனின் பெயரை அழித்தாள். திரை மங்கி, பழையபடி 'தற்காலிகமாக இயங்கவில்லை' என்ற எழுத்து வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த மெசினை நிற்கவைத்தது அந்த ஒரு தடவைதான். வெளியே வந்தபோது அழகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒனக்கு வெளங்குனதும் மெசினு நின்னுருச்சு. வெளங்காத வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு?"

ரூட்டர், சிம், டவர் என்று சகாயசெல்வி விளக்கத் தொடங்கினாள். பாதியிலேயே தனக்கே அது சமாதானம் சொல்வதுபோலப் பட்டதால் நிறுத்திக்கொண்டாள்.

அனுமதி வர ஒரு மாசத்துக்கும் மேலாகியது. அதுவரை ஊர்க்காரர்கள் பணம் எடுக்க ரெட்டியார்சத்திரத்துக்குப் பஸ் ஏறினார்கள். அவளுக்குச் சிலர் போன் போட்டு, "சும்மா ஒருதரம் வந்து பாருங்களேன்" என்றார்கள். சும்மா வந்தால் ஓடாது என்று அவள் சொன்னதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

ஒருவழியாகப் புது சிம் வந்தது. பொன்னுத்துரை வீட்டு மாடியில் நெடிய கம்பம் நட்டு, உச்சியில் ஆன்டெனாவை மாட்டி, ஒட்டன்சத்திரம் திசைக்குத் திருப்பி வைத்தாள். மெசின் உயிர் பெற்றது. போனை அணைத்தாள். ஓடியது. பையோடும் செருப்போடும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மெயின்ரோடு வரைக்கும் போய், அங்கே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ பணம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேலை முடிந்தது. அடுத்த கம்ப்ளைண்ட் தாடிக்கொம்புப் பக்கம் காத்திருந்தது. ஆனாலும் கிளம்ப மனசில்லாமல் கம்பத்தின் திருகுகளை இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தாள். பூக்கூடையோடு வந்த அழகம்மாள் அவளை விடவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தட்டு வைத்தாள். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அவரைக்காய் வெஞ்சனம்.

"இனிமே எப்ப வருவ?"

"மெசினு கெட்டுப்போனா வருவேன்க்கா."

அழகம்மாள் கரண்டியைக் கையில் பிடித்தபடி யோசித்தாள்.

"மெசினு ஓடுனா நீ வரமாட்ட. நீ வரணும்னா மெசினு ஓடக்கூடாது. அப்ப நான் சாமிகிட்ட என்னன்னு வேண்டிக்கிறது?"

சகாயசெல்வி தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள்.